வேண்டாத வீட்டுச் சாமான்கள் எங்கே போக வேண்டும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீடு மாறும்போதும், பொங்கலுக்கு முன்னால் பரணிலிருந்து சாமான் இறக்கும்போதும் எழும் கேள்விகள் இவை. சென்னையில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் பழைய சாமான் பிரிக்கும் வேலையை நான் கவனித்துக்கொள்வதால் எல்லாம் என்னிடம் வந்து சேர்கின்றன. மற்ற ஊர்க்காரர்களுக்கும் பெரும்பாலானவை பொருந்தும். உதவி எண்ணும் வண்டி வரும் கிழமையும்தான் மாறும்.

எல்லாவற்றையும் குப்பை வண்டியிலேயே போட்டுவிட்டால் என்ன? பிரிப்பது மாநகராட்சியின் வேலைதானே?

சென்னையில் ஒரு நாளைக்கு 5,000 டன்னுக்கும் மேல் குப்பை சேர்கிறது. பிரிக்காத குப்பை பல பத்தாண்டுகளாகப் போய்ச் சேர்ந்த இடங்கள் இரண்டு: வடக்கே கொடுங்கையூர், தெற்கே பெருங்குடி. பெருங்குடிக் கிடங்கு மட்டும் சுமார் 225 ஏக்கர். அது உட்கார்ந்திருப்பது பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தின் மேல். அந்தச் சதுப்பு நிலம் 2022-ல், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலான ராம்சார் பட்டியலில் இடம்பிடித்தது. அதே ஆண்டு ஏப்ரல் கடைசியில் கிடங்கில் தீப்பிடித்து நாள்கணக்கில் எரிந்தது. சுற்றுவட்டாரத்தில் ஜன்னலைத் திறக்க முடியவில்லை.

தீ ஏன் பிடிக்கிறது? மிச்சச் சோறும் காய்கறித் தோலும் காற்றுப் படாமல் அடியில் அழுகும்போது மீத்தேன் வருகிறது. அது எரியும் வாயு. பக்கத்திலேயே காய்ந்த அட்டையும் பிளாஸ்டிக்கும் கிடக்கின்றன. ஈரமும் காய்ந்ததும் தனித்தனியாக இருந்தால், ஒன்று உரம், இன்னொன்று கடைச் சரக்கு. ஒன்றாகக் கொட்டினால் இரண்டும் கெட்டு, மேற்கொண்டு புகையும் வரும்.

இப்போது அந்தக் குப்பை மலைகளைத் தோண்டி, சல்லடையில் சலித்து, மண் தனி, கல் தனி, பிளாஸ்டிக் தனி என்று பிரிக்கிறார்கள். பயோமைனிங் என்று பெயர். கொடுங்கையூருக்கு மட்டும் 600 கோடி ரூபாய்க்கு மேல் திட்ட மதிப்பு. சமையலறையில் இரண்டு வாளி வைத்திருந்தால் சும்மா முடிந்திருக்கும் வேலைக்கு, பல வருஷம் கழித்து நாம் கொடுக்கும் கூலி அது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். விலை உள்ள சாமானைப் பற்றி ரொம்பக் கவலைப்பட வேண்டாம். பித்தளைக் குடத்தை யாரும் கொடுங்கையூரில் பார்த்ததில்லை. நாம் தூக்கிப் போட்டாலும் வழியிலேயே யாராவது எடுத்துவிடுவார்கள். ஏக்கர் கணக்கில் கிடப்பதெல்லாம் யாரும் காசு கொடுத்து வாங்காத சாமான். நம் மெனக்கெடல் அதற்குத்தான் தேவை.

நாங்கள் பிரித்துக் கொடுக்கிறோம். அவர்கள் வண்டியில் ஒன்றாகக் கொட்டுகிறார்களே?

சில தெருக்களில் நடக்கிறது, மறுக்க முடியாது. மக்கும் குப்பை, மக்காத குப்பை, வீட்டு அபாயக் குப்பை என்று மூன்றாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்றது 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதி. 2026 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த புதிய விதியில் நாப்கின், டயப்பர் போன்றவை நான்காவதாகத் தனி. வாங்குகிறவர்களும் பிரித்தே வாங்க வேண்டும். வாங்காவிட்டால் மாநகராட்சி உதவி எண் 1913-க்குப் புகார் சொல்லலாம். வண்டி எண்ணைச் சொல்லிப் புகார் செய்தால் பலன் இருக்கிறது என்பது என் அனுபவம்.

ஆனாலும் அடுத்த முறை பேட்டரி வண்டி வரும்போது அதன் பக்கவாட்டைப் பாருங்கள். இரண்டு மூன்று கோணிப் பைகள் தொங்கும். ஒன்றில் தண்ணீர் பாட்டில், ஒன்றில் அட்டை, இன்னொன்றில் இரும்பு, அலுமினியம். தூய்மைப் பணியாளர்கள் ஓடுகிற வண்டியிலேயே கையால் பிரித்து, கடையில் போட்டுக் கூடுதலாகக் கொஞ்சம் பார்க்கிறார்கள். சாம்பார் ஊறிய அட்டை அந்தக் கோணிக்குள் போகாது. அதனால் நீங்கள் தனியாகக் கொடுத்தது முழுக்க வீண் என்று நினைக்க வேண்டாம்.

அதைவிட எளிய வழியும் உண்டு. காய்ந்த குப்பையை வண்டிக்கே கொடுக்காதீர்கள். பால்கனி மூலையில் ஒரு சாக்கு வைத்து, நிறைந்ததும் பழைய பேப்பர் கடைக்குக் கொண்டுபோங்கள்.

பழைய பேப்பர் கடையில் எதையெல்லாம் எடுப்பார்கள்?

"பழைய இரும்பு, ஈயம், பித்தளைக்குப் பேரீச்சம்பழம்" என்று தெருவில் கூவிக்கொண்டு வந்த காலத்திலிருந்தே இந்தத் தொழில் இருக்கிறது. மறுசுழற்சி என்று யாரும் நமக்குப் பாடம் எடுப்பதற்கு முன்னாலேயே பேரீச்சம்பழத் தட்டு எல்லா வேலையையும் செய்துவிட்டது. இன்று தராசு எலெக்ட்ரானிக் ஆகிவிட்டது, பழத்துக்குப் பதில் ரொக்கமோ ஜிபேயோ. மற்றபடி அதே வியாபாரம்.

தாளில் செய்தித்தாள், நோட்டு, அட்டைப்பெட்டி. உலோகத்தில் இரும்பு, அலுமினியம், எவர்சில்வர், செம்பு, பித்தளை. பிளாஸ்டிக்கில் உடைந்த வாளி, குடம், நாற்காலி, தண்ணீர் பாட்டில், எண்ணெய் கேன், பால் கவர். எல்லாக் கடையும் எல்லாவற்றையும் எடுக்காது. ஒரு கடையில் வேண்டாம் என்றதை அடுத்த தெருக் கடையில் எடுப்பார்கள்.

ஆங்கிலப் பேப்பருக்குத் தமிழ்ப் பேப்பரைவிடக் கிலோவுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கும் பழக்கம் பல கடைகளில் உண்டு. காரணம் கேட்டால் தாள் நயம் என்பார்கள். ஒரு பங்கு பேப்பர் ஆலைக்குப் போகாமல் பலகாரக் கடைகளுக்கும் போகிறது. அச்சு மையில் இருப்பவை எண்ணெயில் ஊறி வயிற்றுக்குள் போகும் என்பதால், பேப்பரில் உணவு மடிக்க வேண்டாமென்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் பல முறை சொல்லிவிட்டது. பஜ்ஜிக் கடையில் யார் கேட்கிறார்கள்?

தாளில் எடுக்கக் கூடாதவையும் சில உண்டு. சூப்பர் மார்க்கெட் பில்லும் ஏ.டி.எம். ரசீதும் வெப்பத்தில் அச்சாகும் ரசாயனம் பூசிய தாள். அவற்றைப் பேப்பர் கட்டில் சேர்க்காமல் தனியாகக் குப்பையில் போடுங்கள். எண்ணெய் பிசுக்கேறிய பீட்சா அட்டை வேண்டாம். காகிதக் கோப்பைகளையும் எடுக்க மாட்டார்கள். பார்க்கக் காகிதம்தான், உள்ளே பிளாஸ்டிக் ஒட்டியிருக்கிறது. ஒரு தாளின் நார் ஐந்தாறு முறைதான் கூழாகி மறுபடி தாளாகும். ஒவ்வொரு சுற்றிலும் நார் குட்டையாகும். நோட்டுத் தாள் அட்டைப்பெட்டியாகும், அட்டைப்பெட்டி முட்டைத் தட்டாகும்.

ஆதார் நகல், வங்கிக் கணக்கு அறிக்கை, மருத்துவ ரிப்போர்ட் இவற்றைக் கிழித்துப் போடுங்கள். வேர்க்கடலைப் பொட்டலத்தில் அடுத்தவருடைய பான் கார்டு நகலைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள்.

எடையில் ஏமாற்றுகிறார்களே?

சிலர் செய்வார்கள். வீட்டிலேயே ஒரு கட்டை எடை போட்டு வைத்துக்கொண்டு போங்கள், சண்டை இருக்காது. கிலோவுக்கு ஒரு ரூபாய் குறைவு என்பதற்காக மூன்று மாதம் கட்டை வீட்டில் வைத்துக் கரையானுக்குக் கொடுக்காதீர்கள்.

பிளாஸ்டிக் அடியில் முக்கோணத்துக்குள் எண் இருக்கிறதே, அது எதற்கு?

எந்த வகைப் பிளாஸ்டிக் என்று சொல்லும் எண். 1 என்றால் பெட்; தண்ணீர், குளிர்பான பாட்டில்கள். 2 கெட்டியான பாலித்தீன்; ஷாம்பு பாட்டில், பினாயில் கேன். 4 மெல்லிய பாலித்தீன். பால் கவர், ரொட்டி கவர். 5 பாலிப்ரொப்பிலீன், ஊறுகாய் டப்பா, ஓட்டலில் பார்சல் தரும் கறுப்பு டப்பா. இந்த நான்குக்கும் சந்தை இருக்கிறது. 3 பி.வி.சி., குழாய் விற்கிற வட்டாரத்தில் ஓடும். 6 பாலிஸ்டைரீன், தெர்மாகோல் வகையறா, பெரும்பாலும் ஓடாது. 7 என்றால் 'இதர வகை'.

எண் இருப்பதாலேயே மறுசுழற்சி ஆகிவிடும் என்று அர்த்தமில்லை. யாராவது வாங்கினால்தான் ஆகும். 1-ஆம் எண் பாட்டில் பாலியெஸ்டர் நூலாகிறது. 2023 பிப்ரவரியில் பிரதமர் நாடாளுமன்றத்துக்குப் போட்டுக்கொண்டு வந்த நீல ஜாக்கெட் செய்தியில் வந்தது, ஞாபகம் இருக்கலாம். பாட்டிலிலிருந்து வந்த அந்தத் துணி கரூர் நிறுவனம் ஒன்றில் தயாரானது.

பாட்டிலை நசுக்கிப் போடுங்கள், இடம் மிச்சம். மூடியைத் தூக்கிப் போட வேண்டாம், அதே பையில் போடுங்கள். மூடி வேறு பிளாஸ்டிக், பிரிப்பவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

பால் கவரைக் கழுவிக் காயவைத்துச் சேர்ப்பது அவ்வளவு முக்கியமா?

ஆமாம். நாளுக்கு இரண்டு கவர் என்றாலும் வருஷத்துக்கு எழுநூறைத் தாண்டும். நல்ல தடிமனான பாலித்தீன், அதனால் கடையில் எடுக்கிறார்கள். கழுவாத கவர் மறுநாளே நாறும், எறும்பு வரும், கடைக்காரர் கையை வைக்க மாட்டார்.

பாத்திரம் தேய்க்கும்போது அதே தண்ணீரில் கவரை அலசி, ஜன்னல் கம்பியில் கிளிப் போட்டுத் தொங்கவிடுங்கள். இதைவிட முக்கியம் வெட்டும் விதம். மூலையை முழுக்க நறுக்கித் தனியே எடுக்காதீர்கள். ஓரமாகக் கீறி, துண்டு கவரிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும்படி விடுங்கள். தனியே விழும் அந்த விரல்நுனித் துண்டை எந்தக் கடையும் எடுக்காது, எந்தத் துடைப்பமும் முழுசாக அள்ளாது. நேராகச் சாக்கடைக்குப் போகும். எண்ணெய் பாக்கெட், மாவு பாக்கெட் எல்லாவற்றுக்கும் இதே வெட்டுதான்.

சிப்ஸ் பாக்கெட், பிஸ்கட் உறை, ஷாம்பு சாஷே?

இவைதான் பெரிய தலைவலி. மேலே அச்சடித்த பிளாஸ்டிக், நடுவில் மெல்லிய உலோகப் பூச்சு, உள்ளே இன்னொரு பிளாஸ்டிக். மூன்றையும் பிரித்தெடுக்கும் செலவு, கிடைக்கும் சரக்கின் விலையைவிட அதிகம். அதனால் பேப்பர் கடைக்காரர் எடுக்க மாட்டார். குப்பை பொறுக்கிப் பிழைப்பவரும் குனிய மாட்டார்.

இரண்டு வழிகள் இருக்கின்றன, இரண்டும் அரைகுறை. ஒன்று, தார்ச் சாலை. மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியின் பேராசிரியர் ஆர். வாசுதேவன் கண்டுபிடித்த முறை இது. ஜல்லியை 160 டிகிரிக்கு மேல் சூடாக்கி, அதன்மேல் துண்டாக்கிய பிளாஸ்டிக்கைத் தூவினால் உருகி ஜல்லியைப் போர்த்திக்கொள்ளும். அப்புறம் தாரைக் கலப்பார்கள். தண்ணீர் உள்ளே இறங்காததால் மழைக்குச் சாலை அவ்வளவு சீக்கிரம் பெயராது. 2018-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. கேரி பேக், பிஸ்கட் உறை எல்லாம் இதில் போகும். பி.வி.சி. மட்டும் கூடவே கூடாது, சூட்டில் குளோரின் சேர்ந்த நச்சு வாயு வரும்.

இன்னொன்று, சிமென்ட் ஆலை. பெருங்குடியில் தோண்டிச் சலித்த பிளாஸ்டிக்கின் ஒரு பகுதி லாரியில் அரியலூர்ப் பக்கம் போய், சூளையில் நிலக்கரிக்குப் பதிலாக எரிகிறது. மண்ணுக்குள் கிடப்பதைவிட மேல், ஆனால் எரிப்பதை மறுசுழற்சி என்று நான் சொல்ல மாட்டேன்.

வீட்டில் நாம் செய்யக்கூடியது: பாக்கெட்டைத் தட்டிக் காலி செய்து, காய்ந்த குப்பையில் தனிப் பையில் அமுக்கிக் கொடுப்பது. ஐந்து ரூபாய் சாஷே இருபதுக்குப் பதில் ஒரு பெரிய பாட்டில் வாங்குவது இன்னும் நல்லது. இதில் உற்பத்தியாளர்தான் முதல் குற்றவாளி என்று நான் நினைக்கிறேன். தயாரித்து விற்றவரே திரும்ப எடுக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது, ஆனால் சாஷேயைத் திரும்ப வாங்கும் கடை எதையும் நான் இதுவரை பார்த்ததில்லை.

கண்ணாடி பாட்டிலுக்கு விலை கிடைப்பதில்லையே?

கனமாக இருக்கும், உடையும், கிலோ விலை குறைவு. அதனால் நிறையக் கடைகள் வேண்டாம் என்கின்றன. கண்ணாடியை எத்தனை முறை உருக்கினாலும் தரம் குறையாது என்பது இதில் வருத்தமான விஷயம்.

காசு வைத்தால் பாட்டில் திரும்பி வரும் என்பதற்கு நீலகிரியே சாட்சி. காட்டில் எறியும் மது பாட்டில் உடைந்து யானைகளின் காலைக் கிழிக்கிறது என்று சென்னை உயர் நீதிமன்றம் வரை வழக்குப் போய், 2022-ல் டாஸ்மாக் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைத் திருப்பித் தந்தால் அதைத் திருப்பிக் கொடுக்கும் திட்டம் அங்கே வந்தது. பெரும்பாலான பாட்டில்கள் திரும்பி வந்தன. அப்புறம் மற்ற மாவட்டங்களுக்கும் விரிந்தது. கடைகளுக்கு வேலை கூடியதால் ஊழியர்கள் எதிர்த்ததும் உண்மை. கோலி சோடாக்காரர் இந்தத் திட்டத்தை அரசாணை இல்லாமலேயே காலங்காலமாக நடத்திவந்தார்.

உடைந்த கண்ணாடியைத் தடித்த பேப்பரில் சுற்றி, மேலே 'கண்ணாடி' என்று எழுதிக் கையில் கொடுங்கள். பிளேடு, ஊசி, நாப்கின், டயப்பர் எல்லாம் இப்படித்தான், சுற்றித் தனியாக. உறை இல்லாத கையோடு பையை அவிழ்க்கிற ஒருவர் மறுமுனையில் இருக்கிறார்.

பழைய துணியை யாருக்குக் கொடுப்பது?

கொடுப்பதற்கு முன்னால் ஒரு கேள்வி: நீங்கள் அதை உடுத்திக்கொண்டு கடைக்குப் போவீர்களா? போவீர்கள் என்றால் துவைத்து, பொத்தான் தைத்துக் கொடுக்கலாம். மாட்டேன் என்றால் அது நன்கொடை இல்லை. 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்துக்கு நாடெங்கிலுமிருந்து லாரி லாரியாகப் பழைய துணி வந்தது. யாரும் தொடாமல் சாலையோரத்தில் குவிந்து கிடந்து மக்கியது. வீடிழந்தவருக்குக் கிழிந்த சட்டையை அனுப்பினால் அவர் நன்றி சொல்ல வேண்டுமென்று நாம் எதிர்பார்க்கிறோம் பாருங்கள், அதுதான் இதில் மோசம்.

உடுத்தக்கூடியவற்றைத் தெரிந்த குடும்பத்துக்கு நேராகக் கொடுங்கள். அல்லது கூஞ்ச் போல, துணியைத் தரம் பிரித்துக் கிராமங்களுக்குக் கொண்டுபோகும் அமைப்புகளிடம் கொடுங்கள். பழைய துணிக்கு எவர்சில்வர் பாத்திரம் தருகிறவர் உங்கள் தெருவுக்கு இன்னும் வந்தால் அதுவும் நல்ல வழிதான். ஒரு அண்டாவுக்கு ஏழு புடவை கேட்பார், நாலில் முடிப்பது உங்கள் சாமர்த்தியம். பழைய பட்டுப் புடவையை மட்டும் அவரிடம் போட்டுவிடாதீர்கள். அசல் ஜரிகையில் வெள்ளி இருக்கிறது. எடை போட்டு வாங்கவென்றே தனிக் கடைகள் இருக்கின்றன.

உடுத்த முடியாதவை? பருத்தியாக இருந்தால் பிடிதுணி, மிதியடி, தரை துடைக்க. திருப்பூரில் கட்டிங் துண்டுகள் ஒன்றும் வீணாவதில்லை. சிலது 'பனியன் வேஸ்ட்' என்று மூட்டை கட்டி மெக்கானிக் ஷெட்டுகளுக்குக் கை துடைக்கப் போகும். சிலதைப் பிய்த்துப் பஞ்சாக்கி, ஓ.இ. எனப்படும் ஓப்பன் எண்ட் நூற்பாலைகளில் மறுபடி நூல் நூற்கிறார்கள். போர்வை, ஜமக்காளமாக நம் வீட்டுக்கே திரும்பி வரும். வீட்டுப் பழந்துணிக்கு இந்த வசதி குறைவு. ஜிப், பொத்தான், எலாஸ்டிக், பாலியெஸ்டர் எல்லாம் கலந்திருப்பதால் பிய்க்கும் எந்திரம் ஏற்காது.

போகிக்கு எரித்துவிட்டால் முடிந்ததே?

பழைய பாயும் துடைப்பமும் ஓலையும் எரித்த பழக்கம் அது. இன்று எரிவது டயரும் ரெக்சினும் நைலான் கயிறும். 2018 போகியன்று புகையும் பனியும் சேர்ந்து சென்னை விமான நிலையத்தில் விமானங்கள் இறங்க முடியாமல் வேறு ஊர்களுக்குத் திருப்பி விடப்பட்டன. இப்போது போகிக்கு முந்தைய நாட்களில் மாநகராட்சியே பழைய துணி, டயர், பாய் எல்லாம் வாங்கிக்கொள்கிறது. பிள்ளைகளுக்கு மேளம் மட்டும் போதும்.

அலமாரியில் கிடக்கும் பழைய போன், சார்ஜர், இயர்போன்?

ஒவ்வொரு வீட்டு மேசை டிராயரிலும் செத்த போன் ஒன்று கிடக்கும், 'இருக்கட்டும்' என்று. இருக்க வேண்டாம். உள்ளே செம்பு, வெள்ளி, கொஞ்சம் தங்கம் எல்லாம் இருக்கின்றன. சுரங்கத்தில் ஒரு டன் தாதுவை உடைத்தால் சில கிராம் தங்கம் கிடைக்கும். ஒரு டன் போன் சர்க்யூட் போர்டில் அதைப்போலப் பல மடங்கு. டிராயரிலேயே கிடக்கக் கிடக்க அதன் லித்தியம் பேட்டரி உப்பும். உப்பிய பேட்டரியை அமுக்காதீர்கள், குத்தாதீர்கள், தீப்பிடிக்கும்.

ஓடுகிற போன் என்றால் எக்ஸ்சேஞ்சில் போடுங்கள், அல்லது சென்னையில் எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருப் பக்கம் கொண்டுபோங்கள். சிம், மெமரி கார்டை எடுத்து, கணக்கிலிருந்து வெளியேறி, ஃபேக்டரி ரீசெட் செய்த பிறகு. தெருவில் பிளாஸ்டிக் டப்புக்குப் பழைய போன் கேட்டு வருகிறவரிடம் மட்டும் கொடுக்காதீர்கள். 2024-ல் தெலங்கானாவில் இப்படிச் சேர்த்த ஆயிரக்கணக்கான போன்களோடு ஒரு கும்பல் பிடிபட்டது. சைபர் மோசடிக்கு அனுப்பவிருந்தார்கள் என்றது போலீஸ். உங்கள் பெயரில் வாங்கிய போன் அது.

ஓடாதவற்றைக் காயலான் கடையில் போட்டால் என்ன ஆகும்? செம்புக்காக வயரைக் கொளுத்துவார்கள். மேலே இருக்கும் பி.வி.சி. எரிந்து டையாக்சின் என்னும் நச்சு கலந்த புகை வரும். போர்டை ஆசிட்டில் ஊறவைத்துத் தங்கம் எடுத்துவிட்டு, ஆசிட்டைச் சாக்கடையில் ஊற்றுவார்கள். அதனால் மின்கழிவு மட்டும், கூடுதல் காசு கொடுத்தாலும், காயலான் கடைக்கு வேண்டாம். 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த மின்கழிவு விதிகளின்படி, தயாரிப்பாளர்கள் இவ்வளவு எடை என்று மறுசுழற்சிக்குக் கணக்குக் காட்ட வேண்டும். பெரிய எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் பலவற்றில் வாசலிலேயே பெட்டி வைத்திருக்கிறார்கள். கேட்டுப் போடுங்கள்.

பழைய பிரிட்ஜ், ஏசி?

புதிது வாங்கும் கடையிலேயே எக்ஸ்சேஞ்சில் கொடுங்கள். உள்ளே இருக்கும் குளிர்பதன வாயுதான் விஷயம். பல மாடல்களில் இருக்கும் வாயு, அதே எடை கரியமில வாயுவைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் பூமியைச் சூடாக்கும். செம்புக் குழாய்க்காக வெட்டும்போது 'புஸ்' என்று போய்விடும். நீங்களே வெட்டக் கூடாது. புது பிரிட்ஜுகளில் இருப்பது எரியக்கூடிய வாயு.

இன்வெர்ட்டர் பேட்டரி, ரிமோட் செல்?

இன்வெர்ட்டர், கார் பேட்டரிக்கு நல்ல விலை உண்டு. புதிது விற்கிறவரே பழையதுக்குக் கழித்துக்கொள்வார். காரீயம் இருப்பதால்தான் அந்த விலை. ஆசிட்டை ஊற்றிவிட்டு எடுத்து வா என்று யாராவது சொன்னால் அங்கே கொடுக்காதீர்கள். காரீயம் கலந்த அந்தத் தண்ணீர் விழும் மண்ணில் விளையாடும் குழந்தைகளின் மூளையைத்தான் முதலில் தாக்கும்.

ரிமோட் செல், கடிகார செல் எல்லாம் விலை போகாதவை. ஒரு டப்பாவில் சேர்த்து, மின்கழிவோடு கொடுங்கள். பொத்தான் செல்லைக் குழந்தை கைக்கு எட்டாமல் வையுங்கள், விழுங்கினால் உணவுக்குழாயையே அரித்துவிடும்.

டியூப் லைட், சி.எஃப்.எல். பல்பு?

சில மில்லிகிராம் பாதரசம் உள்ளே இருக்கிறது. உடைக்காமல், புது பல்பு வந்த அட்டையிலேயே வைத்து, அபாயக் குப்பை என்று சொல்லிக் கொடுங்கள். வீட்டில் உடைந்தால் ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே போய், கொஞ்ச நேரம் கழித்து ஈரத் துணியால் ஒற்றி எடுங்கள். துடைப்பத்தால் பெருக்க வேண்டாம்.

காலாவதியான மாத்திரை?

சாக்கடையில் கொட்ட வேண்டாம். ஆன்டிபயாடிக் கலந்த நீரில் மருந்துக்கு அடங்காத கிருமிகள் வளரும். அட்டையோடு அபாயக் குப்பையில் கொடுங்கள். அட்டையின் மேல் பேனாவால் கோடு போட்டுவிட்டால் திரும்ப விற்க முடியாது.

மெத்தை, சோபா, கட்டில்?

இலவம்பஞ்சு மெத்தையைத் தூக்கிப் போடுவது பாவம். பஞ்சை வெயிலில் காயவைத்து, அடித்து, புது உறை தைத்துக் கொடுப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தேக்குக் கட்டிலை வாங்க ஆள் தேட வேண்டியதே இல்லை. துகள் பலகையில் செய்த அலமாரியும் ஃபோம் சோபாவும்தான் பிரச்சினை. மரமாகவும் போகாது, விறகாகவும் போகாது.

முன்பெல்லாம் இவை இரவோடு இரவாகக் கால்வாய்க் கரைக்குப் போகும். மழைக்காலத்தில் மதகில் சிக்கிய மெத்தையை எடுக்கத் தனி வண்டி வர வேண்டும். சென்னை மாநகராட்சி 2025 அக்டோபரிலிருந்து பழைய சோபா, கட்டில், மெத்தைகளைச் சனிக்கிழமைகளில் வீடு தேடி வந்து எடுக்க ஆரம்பித்திருக்கிறது. 1913-ல் முன்கூட்டியே பதிவு செய்யுங்கள். கீழ்த்தளம் வரை இறக்கி வைப்பது உங்கள் பாடு.

பழைய புத்தகங்களை எடைக்குப் போட மனசு வரவில்லை.

போடாதீர்கள். மூர் மார்க்கெட் 1985-ல் எரிந்த பிறகும் சென்னையில் பழைய புத்தக வியாபாரம் சாகவில்லை. திருவல்லிக்கேணி நடைபாதையில் இன்றும் ஓடுகிறது. போட்டித் தேர்வுப் புத்தகங்கள் சூடாக விலை போகும். கதை, வரலாறு எல்லாம் சிறை நூலகங்களுக்குக் கொடுக்கலாம். சென்னைப் புத்தகக் காட்சியில் 'கூண்டுக்குள் வானம்' என்று சிறைத்துறையே அரங்கு வைத்து நன்கொடையாக வாங்கிக்கொள்கிறது. பத்து வருஷத்துக்கு முந்தைய கம்ப்யூட்டர் புத்தகத்தை மட்டும் எந்தக் கைதிக்கும் அனுப்ப வேண்டாம், அது எடைக்கே.

கொட்டாங்குச்சி?

மக்க ரொம்ப நாளாகும், அதனால் உரக்குழியில் போடாதீர்கள். காங்கேயம், பொள்ளாச்சிப் பக்கம் கொட்டாங்குச்சிக் கரிக்கு நல்ல கிராக்கி. தண்ணீர் வடிகட்டும் கார்பன் அதிலிருந்துதான் வருகிறது. சென்னையில் எடுக்கும் கடைகள் குறைவு. இஸ்திரிப் பெட்டிக்காரரிடம் கேட்டுப் பாருங்கள்.

உடைந்த சாமி படம், பழைய விக்கிரகம், பூஜைச் சாமான்?

குப்பையில் போட மனம் வராமல் அரசமரத்தடியிலோ கோயில் மதிலோரத்திலோ வைத்துவிட்டு வருகிறோம். மழையில் படம் ஊறி, கண்ணாடி உடைந்து, பிள்ளைகளின் காலில் ஏறுகிறது. கடைசியில் அதை அள்ளுவது அதே தூய்மைப் பணியாளர்தான்.

வீட்டிலேயே கழற்றிவிடுங்கள். பின்பக்க ஆணியைப் பிடுங்கினால் அட்டை, படம், கண்ணாடி, சட்டம் தனித்தனியாக வரும். நல்ல சட்டத்தையும் கண்ணாடியையும் ஃபிரேம் கடையில் எடுத்துக்கொள்வார்கள். படத்தாளை மட்டும் தண்ணீரில் ஊறவைத்துக் கரைத்துச் செடிக்கு அடியில் ஊற்றும் வழக்கம் சில வீடுகளில் உண்டு. லேமினேஷன் செய்த படம் கரையாது, அதை உரித்துவிட்டு ஊறவைக்க வேண்டும். பித்தளை விளக்கும் மணியும் பாத்திரக் கடையில் பழைய விலைக்கு எடுப்பார்கள். உருக்கிப் புது விளக்காகவே திரும்ப வரும் என்பதால் பெரியவர்களும் இதற்கு மறுப்புச் சொல்வதில்லை. பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் பொம்மை மட்டும் எதிலும் சேராது. கிணற்றிலோ ஏரியிலோ கரைக்கப் போகாமல், துணியில் சுற்றிக் கட்டடக் கழிவோடு கொடுங்கள்.